குழந்தைப் புத்தகத்தில் யாருக்கு இடம்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வாசகசாலை ஆண்டு விழாவில் பேச வந்தவன் ஏதாவது ஒரு பெரிய கிரந்தத்தைப் பற்றியோ, அல்லது பெயர் பெற்ற புலவர் ஒருவரைப் பற்றியோ பேசுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் இன்று பேசப் போவது அப்படிப்பட்ட சங்கதி அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாத பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட ஒரு படப் புத்தகத்தைப் பற்றியும், அதைச் செய்த ஒரு சித்திரக்காரரைப் பற்றியும்தான் பேசப் போகிறேன். அந்தப் புத்தகத்தில் மொத்தம் சில நூறு வார்த்தைகள்தான் இருக்கின்றன. வீரச் செயலோ, அற்புதமோ, நீதி போதனையோ அதில் ஒன்றும் இல்லை. ஒரு சிறு பையன் பனியில் விளையாடினான் என்பதுதான் அதன் கதை. ஆனால் அந்தப் புத்தகம் வெளிவந்தபோது ஒரு பெரிய தேசத்தின் புத்தக உலகமே அதைத் திரும்பிப் பார்க்க நேரிட்டது. ஏன் என்று கேட்பீர்கள். அந்தப் பையன் கருப்பு நிறத்தவன் என்பதுதான் காரணம்.

தோழர்களே! இதில் என்ன அதிசயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். கருப்புப் பையனும் பையன்தானே, பனி எல்லார் தலையிலும்தானே விழுகிறது என்று சொல்லுவீர்கள். நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் அமெரிக்காவின் புத்தகக் கம்பெனிக்காரர்களுக்கு 1962ஆம் ஆண்டு வரையில் அநேகமாகப் புலப்படவில்லை. அதை அவர்களுக்குப் புலப்படும்படி செய்தவர்களில் ஒருவர்தான் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர்.

பிறப்பும் வறுமையும்

கீட்ஸ் 1916ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11ஆம் தேதி நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூக்ளின் என்ற பகுதியில் பிறந்தார். அவருடைய பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய யூதர்கள். அவருக்கு அவர்கள் வைத்த பெயர் ஜேக்கப் எஸ்ரா காட்ஸ் என்பது. மூன்று பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. தகப்பனார் பெஞ்சமின் என்பவர் நகரத்தில் கிரீனிச் வில்லேஜ் என்ற இடத்திலிருந்த ஒரு காப்பிக் கடையில் பரிமாறும் வேலை பார்த்தார். அந்தப் பகுதியில் சித்திரக்காரர்களும் எழுத்தாளர்களும் அதிகம். அவர்களில் பலருக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே திண்டாட்டம்.

பையனோ கையில் கிடைத்ததில் எல்லாம் படம் போடுகிறவன். ஒரு நாள் சமையலறையிலிருந்த மேஜையின் மேல்பலகை முழுவதும் படமாகக் கிறுக்கி வைத்துவிட்டான். எந்த வீட்டிலும் இதற்கு என்ன கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தத் தாயார் அடிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை. இவ்வளவு நன்றாக இருப்பதை அழிக்கலாமா என்று சொல்லி, ஒரு நல்ல துணியை எடுத்து மேஜையை மூடி வைத்தார். அண்டை வீட்டுப் பெண்கள் வரும்போதெல்லாம் துணியை விலக்கி, என் மகன் செய்ததைப் பாருங்கள் என்று காட்டினார். ஒரு பிள்ளை தான் செய்தது ஒரு பொருள் என்று நினைப்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தகப்பனார் சங்கதி வேறு. சித்திரம் சோறு போடாது என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். தினமும் பசித்த சித்திரக்காரர்களைக் கண்ணால் பார்க்கிறவருக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனாலும் அவ்வப்போது ஒரு வர்ணக் குழாயைக் கொண்டு வந்து மகன் கையில் கொடுப்பார். யாரோ ஒரு சித்திரக்காரன் ஒரு கிண்ணம் சூப்புக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போனான், இந்தத் தொழிலில் இறங்கினால் உன் கதியும் இதுதான் என்று எச்சரிக்கையும் செய்வார். உண்மையில் அந்த வர்ணத்தை அவர் தம் சொற்பச் சம்பளத்தில் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். மகனிடம் அதைச் சொல்ல மனமில்லாமல் சூப்புக் கதையைக் கட்டினார். பையன் ஒரு கடைக்குப் பெயர்ப்பலகை எழுதி 25 காசு கூலி வாங்கி வந்தபோது மாத்திரம், இது பிழைக்கிற வழி என்று அவருக்குச் சந்தோஷம் உண்டாயிற்று.

பணப்பையில் இருந்தது என்ன?

பையன் பள்ளிக்கூடத்தில் பல பரிசுகள் பெற்றான். பஞ்ச காலத்தில் வீடு வாசல் இழந்து தகரக் கொட்டகையில் நெருப்பைச் சுற்றிக் குளிர் காயும் ஏழைகளை வரைந்த அவனுடைய ஒரு படம் தேசமளாவிய மாணவர் போட்டியில் பரிசு பெற்றது. 1935ஆம் ஆண்டு ஜனவரி மாதம் உயர்தரப் பள்ளிப் படிப்பு முடிந்து பட்டமளிப்பு விழா நடக்க இருந்தது. சித்திரத்துக்கான பரிசும் அன்றைக்கே அவனுக்குக் கிடைக்க இருந்தது. விழாவுக்கு முந்தின நாள் தகப்பனார் மாரடைப்பால் வீதியில் விழுந்து இறந்துபோனார். பிரேதத்தை அடையாளம் காட்ட மகனைத்தான் அழைத்தார்கள். தகப்பனாரின் பணப்பையைத் திறந்து பார்க்கும்போது, அதில் மடித்து மடித்து நைந்துபோன பத்திரிகைத் துண்டுகள் இருந்தன. அவ்வளவும் மகன் பெற்ற பரிசுகளைப் பற்றிய செய்திகள்! வாயால் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன மனிதர் அந்தக் காகிதங்களை நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

இந்தச் சங்கதியை நான் ஏன் விரித்துச் சொல்லுகிறேன் என்றால், ஏழை வீட்டில் பிறந்த பிள்ளையின் புத்திக்குத் தடையாக நிற்பது பெற்றோரின் மனம் அல்ல, வயிற்றுப் பயம்தான் என்பதை நீங்கள் உணர வேண்டும். மூன்று சித்திரக் கலாசாலைகளில் படிக்க அந்தப் பையனுக்கு உதவிச் சம்பளம் கிடைத்தது. ஒன்றிலும் சேர முடியவில்லை. குடும்பத்துக்குச் சம்பாதிக்க வேண்டியதாயிற்று. வேலையற்றவர்களுக்காக அமெரிக்க சர்க்கார் ஏற்படுத்தியிருந்த திட்டத்தில் 1937 முதல் சுவர்ச் சித்திரம் தீட்டும் வேலை பார்த்தார். பிறகு சிறுவர் சித்திரக் கதைப் பத்திரிகைகளில் பின்னணிப் படம் போட்டார். 1943இல் பட்டாளத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டு, எதிரியின் கண்ணுக்குப் புலப்படாதபடி மறைக்கும் வர்ண வேலையில் அமர்த்தப்பட்டார்.

பெயரை மாற்றிக் கொண்டது

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார். ஹிட்லரை ஒழிக்கப் போன பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவருக்கு, தம் சொந்த ஊரில் என்ன காத்திருந்தது தெரியுமா? அன்றைய அமெரிக்காவில் யூதர் என்றால் பல வேலைகளுக்கு எடுக்க மாட்டார்கள். கிறிஸ்தவர் மாத்திரம் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரமே போடுவார்கள். பெரிய கலாசாலைகள் பலவற்றில் யூத மாணவர்கள் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்று அளவு வைத்திருந்தார்கள். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிறப்புத் தெரிந்துவிடும், பிறப்புத் தெரிந்தால் கதவு அடைபட்டுவிடும். ஆகவே 1947ஆம் ஆண்டு ஜேக்கப் எஸ்ரா காட்ஸ் என்பவர் சட்டப்படி எஸ்ரா ஜாக் கீட்ஸ் ஆனார்.

தோழர்களே! ஒருவன் தன் தகப்பன் வைத்த பெயரைப் பிழைப்புக்காக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால் அது யாருடைய வெட்கம்? மாற்றிக்கொண்டவனுடைய வெட்கமா? மாற்ற வைத்த சமூகத்தினுடைய வெட்கமா? யோசித்துப் பாருங்கள். அந்த அவமானம் இன்னதென்று கீட்சுக்குத் தெரியும். ஆனால் அவர் இன்னொன்றையும் கண்டுகொண்டார். யூதனுக்குப் பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்கவாவது வழியிருந்தது. கருப்பு மனிதன் எதை மாற்றுவான்? தோலை மாற்றிக்கொள்ள முடியுமா?

22 வருஷம் சுவரில் இருந்த படங்கள்

1940ஆம் ஆண்டு லைஃப் என்ற பத்திரிகையில் சில புகைப்படங்கள் வந்தன. ஜியார்ஜியா மாகாணத்தில் லிபர்ட்டி என்ற ஜில்லாவில் ஒரு சிறு கருப்புப் பையனுக்கு ரத்தப் பரிசோதனைக்காக ஊசி குத்தப் போகிறார்கள். குத்துவதற்கு முன்னால் அவன் முகம் எப்படி இருந்தது, பிறகு எப்படி மாறிற்று என்பதை வரிசையாகப் பிடித்த படங்கள் அவை. லிபர்ட்டி என்றால் சுதந்திரம் என்று அர்த்தம். அந்தச் சுதந்திர ஜில்லாவில்தான் கருப்புப் பிள்ளைக்கு வெள்ளைப் பிள்ளையோடு ஒரே பள்ளிக்கூடத்தில் உட்கார அன்று இடமில்லை!

அந்தப் பையனுடைய முகமும், அவன் உடம்பை வைத்துக்கொண்டிருந்த விதமும், உடுத்தியிருந்த தோரணையும் கீட்ஸ் மனதைக் கவர்ந்துவிட்டன. படங்களை வெட்டி எடுத்துச் சுவரில் மாட்டினார். எதற்கு என்று அப்போது அவருக்கே தெரியாது. கழற்றி வைப்பார், மறுபடியும் மாட்டுவார். வருஷங்கள் ஓடின.

1954இல் அவருக்குக் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடும் வேலை கிடைத்தது. பிறர் எழுதிய கதைகளுக்கு அவர் படம் போட வேண்டும். புத்தகம் புத்தகமாகப் போட்டுக்கொண்டு வந்தவருக்கு ஒரு சங்கதி உறைத்தது. கையில் கொடுக்கப்பட்ட கதை ஒன்றிலாவது கருப்புப் பிள்ளை கதாநாயகனாக இல்லை. எங்காவது கூட்டத்தில், பின்னால் நிற்பவர்களில் ஒருவனாக வைத்திருப்பார்கள். நியூயார்க் வீதியில் காலை வைத்தால் எத்தனை நிறப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்! புத்தகத்துக்குள் வந்துவிட்டால் அவ்வளவு பேரும் எங்கே மறைந்து போகிறார்கள்?

1960இல் அவர் பாட் செர் என்பவரோடு சேர்ந்து முதன்முதலாகச் சொந்தமாக ஒரு புத்தகம் செய்தார். அதில் வருகிறவன் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த ஸ்பானிய மொழி மாத்திரம் தெரிந்த ஒரு பையன். காணாமற்போன தன் நாயைத் தேடி நகரமெங்கும் அலைகிறான். அதற்கு அடுத்தபடியாக, எழுத்தும் படமும் தாமாகவே ஒரு புத்தகம் செய்ய அவருக்குச் சந்தர்ப்பம் வந்தது. அப்போது சுவரில் இருந்த பையன் நினைவுக்கு வந்தான். படங்களை வெட்டி எடுத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று விசாரித்துப் பார்த்தால் 22 வருஷம்! அந்தப் பையன்தான் பீட்டர் என்ற பெயரோடு புத்தகத்துக்குள் நடந்து வந்தான். இவனைப் புத்தகத்தில் வைப்பது யாருக்கோ தருமம் செய்வது அல்ல, இவன் முதலிலிருந்தே இங்கே இருந்திருக்க வேண்டியவன் என்பதுதான் கீட்சின் அபிப்பிராயம்.

பனி பெய்த நாள்

1962இல் வைக்கிங் என்ற கம்பெனியார் அந்தப் புத்தகத்தை வெளியிட்டார்கள். "தி ஸ்னோயி டே", அதாவது பனி பெய்த நாள் என்பது அதன் பெயர். கதையைச் சொல்லிவிடுகிறேன். பீட்டர் காலையில் கண் விழித்து ஜன்னலைப் பார்க்கிறான். இரவில் பெய்த பனி ஊரெல்லாம் மூடிக் கிடக்கிறது. சிவப்பு உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடுகிறான். கால் தடம் பதித்துப் பார்க்கிறான். ஒரு குச்சியைக் கண்டெடுத்து மரத்தைத் தட்டுகிறான், பனி அவன் தலையிலேயே விழுகிறது. பெரிய பையன்கள் பனி உருண்டை எறிந்து விளையாடுகிற இடத்துக்குப் போகப் பார்க்கிறான், தான் இன்னும் சின்னவன் என்று தெரிந்து தனியாக விளையாடுகிறான். நாளைக்கு வேண்டுமே என்று ஒரு பனி உருண்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். படுக்கப் போகும்போது பையைப் பார்த்தால் உருண்டையைக் காணோம், பை ஈரமாக இருக்கிறது. அவனுக்குத் துக்கம். வெயில் அடித்து எல்லாப் பனியும் உருகிவிட்டதாகச் சொப்பனம் காண்கிறான். விழித்துப் பார்க்கிறான், பனி போகவில்லை, இன்னும் பெய்கிறது. எதிர்வீட்டுச் சிநேகிதனைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடியும் வெளியே போகிறான். அவ்வளவுதான்.

பீட்டர் கருப்பன் என்று புத்தகத்தில் ஓரிடத்திலும் எழுதவில்லை. கருப்பனாய் இருப்பதனால் அவனுக்கு ஒரு கஷ்டமும் வரவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் அவன் மேல் இரக்கப்படவும் இல்லை. பனி உருகிவிட்டதே என்று எந்தப் பிள்ளையும் படுகிற துக்கத்தை அவனும் படுகிறான். அதற்கு முன்னெல்லாம் கருப்புப் பிள்ளை புத்தகத்தில் வந்தால் சிரிப்பதற்கோ, பரிதாபப்படுவதற்கோதான் பெரும்பாலும் வருவான். வெறும் பிள்ளையாக வர அவனுக்கு உரிமை இருந்ததில்லை. பீட்டர் அந்த உரிமையோடு வந்தான்.

செய்த விதம்

இப்போது அவருடைய கைவேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரையில் கீட்ஸ் தூரிகை வர்ணத்தில்தான் அதிகமாக வேலை செய்தவர். இந்தப் புத்தகத்துக்கு அவர் காகிதத்தையும் துணியையும் வெட்டி ஒட்டிப் படம் செய்தார். ஜப்பான், இத்தாலி, ஸ்வீடன் முதலிய பல நாட்டுக் காகிதங்களைச் சேகரித்தார். பீட்டரின் தாயார் உடுத்தியிருக்கும் கவுன், அலமாரித் தட்டில் விரிக்கிற மெழுகு துணியில் ஒரு துண்டு. படுக்கையின் விரிப்பு, சித்திரக்காரர்கள் படம் தீட்டுவதற்கு வாங்கும் முரட்டுத் துணியில் ஒரு கீற்று. பனித் திவலைகளுக்காக, எழுத்தை அழிக்கும் ரப்பரில் உருவம் வெட்டி, வர்ணத்தில் தோய்த்து முத்திரை குத்தினார். இரவு நேரச் சாம்பல் நிறத்துக்காக, பல் துலக்கும் புருசை மையில் தோய்த்துத் தெளித்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்லுகிறேன்? இந்தச் சாமான்களில் எது நம் வீட்டில் இல்லாதது? பழைய துணி, காகிதம், ரப்பர், பல் துலக்கும் புருசு ஆகிய இவ்வளவுதான். இதைப் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களும் கத்தரிக்கோலையும் பசையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கலை என்பது ஒரு சிலருக்கு மாத்திரம் மேலிருந்து இறங்கி வந்த வரப்பிரசாதம் என்று சொல்லுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணால் நன்றாகப் பார்த்து, கையால் திரும்பத் திரும்பச் செய்து பழகிய வேலைதான் அது.

அடுத்த வருஷம், 1963இல், அமெரிக்காவில் படப் புத்தகச் சித்திரக்காரருக்குக் கொடுக்கப்படும் பெரிய மரியாதையான கால்டிகாட் பதக்கம் இந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. அதைவிடப் பெரிய மரியாதை ஒன்று ஒரு பள்ளி ஆசிரியர் கடிதமாக வந்தது. அந்த வகுப்பிலிருந்த கருப்புப் பிள்ளைகள் தங்களைப் படம் போடச் சொன்னால் அதுவரையில் வெளிர்ச் சிவப்பு வர்ணக்குச்சியை எடுத்துத்தான் முகம் தீட்டுவார்களாம். பீட்டரைப் பார்த்த பிறகு பழுப்பு வர்ணக்குச்சியைக் கையில் எடுத்தார்களாம்!

தாய்மார்களே! இதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நான்கு, அய்ந்து வயதுப் பிள்ளை தன் முகத்தைத் தன் நிறத்தில் போடக் கூசியிருக்கிறது. அதற்கு அந்தக் கூச்சத்தை யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் வாயால் சொல்லவில்லை. பார்த்த புத்தகத்திலெல்லாம் நல்ல பிள்ளை, அழகான பிள்ளை, புத்திசாலிப் பிள்ளை வெள்ளையாகவே இருந்தது. தன் முகம் படத்துக்கு லாயக்கற்றது என்று அது தானாகவே தீர்மானித்துக்கொண்டது. தடியெடுத்து அடித்து உண்டாக்குகிற தாழ்வைவிட, இப்படிச் சத்தமில்லாமல் உண்டாக்குகிற தாழ்வுதான் ஆழமாக வேர் விடுகிறது.

கணக்குச் சொல்லுவது என்ன?

நான் மிகைப்படுத்திச் சொல்லுகிறேன் என்று யாராவது நினைப்பார்களேயானால், கணக்கு இருக்கிறது. நான்சி லாரிக் என்ற அம்மையார் 1965ஆம் ஆண்டு செப்டம்பரில் சாட்டர்டே ரிவ்யூ என்ற பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 1962, 1963, 1964 ஆகிய மூன்று வருஷங்களில் 63 கம்பெனிகள் வெளியிட்ட 5,206 குழந்தைப் புத்தகங்களைப் பற்றி விசாரித்து எழுதிய கட்டுரை அது. அவ்வளவு புத்தகங்களில் ஒரு கருப்பு மனிதராவது தலைகாட்டும் புத்தகம் 349தான். நூற்றுக்கு 6.7. அவற்றிலும் பெரும்பாகம் வேறு நாட்டுக் கதை, அல்லது பழைய காலத்துக் கதை. அன்றைக்கு அமெரிக்காவில் வாழ்ந்துகொண்டிருந்த கருப்பு மக்களைப் பற்றிய கதை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. ஒரு நர்சரிப் பள்ளியில் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அய்ந்து வயதுக் கருப்புப் பெண் குழந்தை, ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்று கேட்ட கேள்வியோடு அந்த அம்மையார் தம் கட்டுரையை ஆரம்பித்தார். கோடிக்கணக்கில் பணம் போட்டுப் புத்தகத் தொழில் நடத்திய கனவான்களுக்குத் தோன்றாத கேள்வி அந்தக் குழந்தைக்குத் தோன்றியது!

எதிர்ப்பும் பதிலும்

இது நிற்க, கீட்சின் புத்தகத்துக்கும் ஆட்சேபணை இல்லாமல் இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லுவதுதான் யோக்கியமாகும். லாரிக் அம்மையாரே அதே கட்டுரையில் இரண்டு குறை சொன்னார். பையன் கருப்பன் என்று எழுத்தில் ஏன் சொல்லவில்லை என்பது ஒன்று. பீட்டரின் தாயார் பருத்த உடம்போடு பளபளக்கும் கட்டம் போட்ட கவுனில் இருப்பது, வெள்ளைக்காரர் வீட்டுச் சமையற்காரி என்று பழைய படங்களில் கேலியாகக் காட்டுகிற உருவத்தைப் போலிருக்கிறது என்பது மற்றொன்று. கருப்பு மக்கள் வாழ்க்கையை வெள்ளை நிறத்தவர் ஒருவர் எழுதுவது என்ன நியாயம் என்றும் பிற்பாடு சிலர் கேட்டார்கள்.

கீட்ஸ் அந்தப் பத்திரிகைக்குப் பதில் எழுதினார். மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பார்க்கிற புத்தகத்தில், நிறம் கண்ணுக்கு எதிரே தெரியும்போது, கழுத்தில் சீட்டுக் கட்டித் தொங்கவிடுவது போல இன்ன இனம் என்று எழுதவும் வேண்டுமா என்பது அவர் கேள்வி. வெள்ளைப் பிள்ளை கதைகளில் இது வெள்ளைப் பிள்ளை என்று யாராவது எழுதுகிறார்களா? எழுதுவதில்லை. அப்படியானால் கருப்புப் பிள்ளைக்கு மாத்திரம் ஏன் முத்திரை? என் அபிப்பிராயத்தில் முதல் ஆட்சேபணைக்கு இந்தப் பதில் போதும். லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற பெயர் பெற்ற கருப்புக் கவிஞரும் இந்தப் புத்தகத்தை மெச்சியிருக்கிறார்.

ஆனால் மற்ற இரண்டு ஆட்சேபணைகளையும் அப்படித் தள்ளிவிட முடியாது. நல்ல எண்ணமுள்ளவன் கையிலும் பழைய வழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுட்டிக்காட்டுவது நன்றிகெட்ட செயல் ஆகாது. மேலும், ஒரு சமூகத்தாருக்காக இன்னொரு சமூகத்தார் எவ்வளவு அன்போடு பேசினாலும், அவர்கள் தாங்களே பேசுவதற்கு அது ஈடாகாது. கதவைத் திறந்துவிட்டவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டால் உள்ளே போகிறவர்கள் எப்படிப் போவது?

நல்ல வேளையாக, வழி அடைபடவில்லை. லாரிக் கட்டுரையால் உண்டான கிளர்ச்சியின் பலனாக, கருப்பு எழுத்தாளர்களைத் தேடி ஊக்கப்படுத்தும் முயற்சிகள் தோன்றின. அப்படி 1968இல் நடந்த ஒரு போட்டியில் பரிசு பெற்ற வால்டர் டீன் மையர்ஸ் பிறகு பேர்போன எழுத்தாளரானார். கீட்ஸ் பிறந்த அதே புரூக்ளினில் பிறந்த ஜான் ஸ்டெப்டோ என்ற கருப்பு இளைஞர், இருபது வயது நிரம்புவதற்குள் 1969இல் தாமே எழுதி வரைந்த புத்தகத்தை வெளியிட்டார். 1976இல் லியோ டில்லன் என்பவர் தம் மனைவி டயன் அம்மையாரோடு சேர்ந்து கால்டிகாட் பதக்கம் பெற்றார். அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கருப்புச் சித்திரக்காரர் அவர்தான். பதக்கம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 1938இல். 38 வருஷம் காத்திருக்க வேண்டியதாயிற்று! அவ்வளவு காலமும் கருப்பு மக்களில் படம் போடத் தெரிந்தவரே பிறக்கவில்லையா?

பிற்கால வேலை

கீட்ஸ் பீட்டரை ஒரே புத்தகத்தோடு விட்டுவிடவில்லை. பீட்டர் வருகிற புத்தகங்கள் மொத்தம் 7. புத்தகத்துக்குப் புத்தகம் அவனுக்கு வயது ஏறுகிறது. ஒன்றில் நாயைக் கூப்பிடச் சீட்டியடிக்கக் கற்றுக்கொள்ளுகிறான். இன்னொன்றில், தன் பழைய தொட்டிலும் நாற்காலியும் தங்கைக்குப் போகிறதே என்று பொறாமைப்பட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறான். உட்கார்ந்து பார்த்தால் தனக்கே அது பற்றவில்லை என்று கண்டு, தகப்பனாரோடு உட்கார்ந்து தானே அதற்குத் தங்கைக்காக வர்ணம் பூசுகிறான். மற்றொன்றில், தன் பிறந்த நாளுக்கு ஒரு பெண் பிள்ளையை அழைத்தால் பையன்கள் கேலி செய்வார்களே என்று பயப்பட்டும், அழைத்தே விடுகிறான். எல்லாம் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிற காரியங்கள்தான். சுற்றிலும் இடிந்த சுவர், கிழிந்த விளம்பரம், குப்பைத் தொட்டி. ஏழைகள் குடியிருக்கும் வீதியை அவர் அழுக்கென்று மறைக்கவில்லை. அந்த வீதியிலும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் உண்டு என்று வர்ணத்தால் காட்டினார். மொத்தத்தில் அவர் படம் போட்ட புத்தகங்கள் 85க்கு மேல், தாமே எழுதியும் வரைந்தும் செய்தவை 22.

அவர் விவாகம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. 1983ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் தேதி, 67ஆம் வயதில் காலமானார். புத்தகங்களில் வரும் வருமானத்தைக் கொண்டு பள்ளிக்கூடங்களுக்கும் வாசகசாலைகளுக்கும் உதவி செய்ய ஒரு தர்ம ஸ்தாபனத்தை ஏற்படுத்திவிட்டுப் போனார். புதிய எழுத்தாளர்களுக்கும் சித்திரக்காரர்களுக்கும் அவர் பெயரால் பரிசும் கொடுக்கப்படுகிறது.

படங்கள் போய்ச் சேர்ந்த இடம்

முடிப்பதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும். கீட்சின் மூலப் படங்களும் கடிதங்களும் இன்று மிசிசிப்பி மாகாணத்தில், தென் மிசிசிப்பி சர்வகலாசாலையின் நூலகத்தில் இருக்கின்றன. அந்தக் கலாசாலையின் பழைய வரலாறு என்ன? கிளைட் கென்னார்ட் என்ற கருப்பு மனிதர், கொரிய யுத்தத்தில் தேசத்துக்காகச் சேவை செய்தவர், தம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கலாசாலை என்று 1950களில் திரும்பத் திரும்ப அதில் இடம் கேட்டார். நிறத்தின் காரணமாக மறுக்கப்பட்டது. விடாமல் கேட்ட குற்றத்துக்காக, 25 டாலர் பெறுமான கோழித் தீவனம் திருடத் தூண்டினார் என்று பொய் வழக்கு ஜோடித்து 1960இல் ஏழு வருஷம் தண்டித்தார்கள். சிறையில் புற்றுநோய் முற்றி, கடைசி நேரத்தில் வெளியே விடப்பட்டு, 1963 ஜூலை 4ஆம் தேதி இறந்துபோனார். ஜூலை 4 என்பது அமெரிக்கர்கள் சுதந்திர தினம் கொண்டாடும் நாள்! அதே 1963ஆம் வருஷத்தில்தான் பீட்டரின் புத்தகத்துக்குப் பதக்கம் கிடைத்தது. புத்தகத்திலே ஒரு கருப்புப் பையனுக்கு இடம் கிடைத்த வருஷத்தில், கலாசாலையிலே ஒரு கருப்பு மனிதருக்கு இடம் கிடைக்காமலே உயிர் போயிற்று. 1965இல்தான் அங்கே முதன்முதலாகக் கருப்பு மாணவிகள் இருவர் சேர்க்கப்பட்டார்கள். வழக்குப் பொய் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது 2006இல். இன்று அதே இடத்தில் பீட்டரைப் பத்திரமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்னவென்றால், ஒரு படப் புத்தகத்தால் மாத்திரம் அநீதி ஒழிந்துவிடாது. கலாசாலைக் கதவைத் திறக்க வைத்தது கென்னார்டைப் போன்றவர்களின் பிடிவாதமும், சட்டமும், கிளர்ச்சியும்தான். ஆனால் கதவு திறந்த பிறகு உள்ளே நுழைகிற பிள்ளை, இது எனக்கும் உரிய இடம் என்று தலை நிமிர்ந்து நுழைய வேண்டாமா? அந்த நிமிர்வை ஒரு சட்டமும் கொடுக்க முடியாது. மூன்று வயதிலும் நான்கு வயதிலும் மடியில் உட்காரவைத்துக் காட்டுகிற புத்தகம் கொடுக்கும்.

நியூயார்க் பொது நூலகத்தார் தங்கள் 125ஆம் ஆண்டை ஒட்டி 2020ஆம் வருஷம் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அந்த நூலகத்தின் வரலாற்றில் மிக அதிகம் தடவை இரவல் வாங்கப்பட்ட புத்தகம் எது என்று பார்த்தால், வேதப் புத்தகம் அல்ல, பெரிய நாவலும் அல்ல. பீட்டர் பனியில் விளையாடிய கதைதான்! 4,85,583 தடவை வாங்கிப் போயிருக்கிறார்கள். கருப்புப் பிள்ளை கதையை யார் வாங்குவார்கள் என்று கேட்ட வியாபாரிகளுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. 2017இல் அமெரிக்க சர்க்காரே பீட்டரைத் தபால் தலையில் அச்சடித்தது.

தோழர்களே! இந்த வாசகசாலையை நடத்துகிறவர்களுக்கும், பிள்ளைகளைப் பெற்ற உங்களுக்கும் நான் கேட்டுக்கொள்ளுவது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளை கையிலிருக்கும் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். அதில் வருகிறவர்கள் யார், யாருடைய வீடு, யாருடைய நிறம், யார் வேலை செய்கிறார்கள், யார் கைகட்டி நிற்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பிள்ளை அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். எங்கும் இல்லை என்றால், அப்படிப்பட்ட புத்தகம் வேண்டுமென்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் செய்யுங்கள். பழைய துணியும் காகிதமும் பசையும் எல்லார் வீட்டிலும் இருக்கின்றன.